ஆடித் தள்ளுபடியின் கணக்கு

ஆடி பிறந்ததும் தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி பேனர் ஏறிவிடுகிறது. ஏன் ஆடியில் என்று கேட்டால், துணி எடுக்க வந்தவரும் கல்லாவில் இருப்பவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஆடி ஆகாத மாதம், கல்யாணம் காட்சி கிடையாது, வியாபாரம் படுத்துவிடும், ஆளை வரவழைக்க விலையைக் குறைக்கிறார்கள். இந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் இதுவே முழு உண்மை என்றால் நமக்கு இன்னும் இரண்டு தள்ளுபடி மாதங்கள் இருந்திருக்க வேண்டும். புரட்டாசியிலும் பெரும்பாலான குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில் அனேகமாக யாருமே வைப்பதில்லை. அப்படியிருந்தும் புரட்டாசித் தள்ளுபடி, மார்கழித் தள்ளுபடி என்று ஒரு வழக்கம் ஜவுளித் தெருவில் வேர்பிடிக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத மூன்று மாதங்களில் ஒன்றில் மட்டும் விலை இறங்குவானேன்? பஞ்சாங்கத்தை மட்டும் புரட்டி இதற்கு விடை காண முடியாது. சிறிய ஜவுளிக்கடையின் இருப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். போன தீபாவளிச் சரக்கின் கணக்கை முடித்து, வரப்போகும் தீபாவளிச் சரக்குக்கு முதல் திரட்டும் ஏற்பாடாகவே ஆடித் தள்ளுபடி வளர்ந்தது என்பது என் வாதம். பஞ்சாங்கம் அதற்குத் தேதி கொடுத்தது. தேவையைக் கொடுத்தவை சரக்கும் கடனும்.

முதலில் ஆடியைப் பற்றிய பொது நினைப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்வது நல்லது. அந்த மாதம் கல்யாணத்துக்குத்தான் விலக்கு. துணி எடுக்க விலக்கு ஒருபோதும் இருந்ததில்லை. புதுமாப்பிள்ளைக்கு ஆடிச்சீர் வைக்கும் வீட்டில் வேட்டியும் சட்டையும் பெண்ணுக்குப் புடவையும் அந்த மாதத்தில்தான் வாங்கியாக வேண்டும். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிக் கரைக்குப் போகும் பெண்கள் பழைய சேலையோடு போக நினைப்பதில்லை. அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் மஞ்சள், சிவப்புச் சேலைகள் தள்ளுபடி எதுவும் இல்லாமலே விற்கும். ஆடியில் அசையாமல் நிற்பவை முகூர்த்தப் பட்டும், உறவுக்கு எடுத்துக் கொடுக்கும் சேலைகளும், மாப்பிள்ளை உடுப்பும். ஆகவே கடை செத்துக் கிடப்பதில்லை, ஓய்ந்திருக்கிறது. அந்த ஓய்வு ஆண்டின் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். ஆடி முடிந்த மறுநாள் ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. அங்கிருந்து தீபாவளி அறுபத்தைந்து நாளிலும் வரலாம், தொண்ணூறு நாளிலும் வரலாம். 2025-இல் அக்டோபர் 20-இல் வந்தது, 2023-இல் நவம்பர் 12-இல் வந்தது. புரட்டாசி பிறக்கும்போது தீபாவளிச் சரக்கு ஏற்கெனவே அலமாரியில் ஏறியிருக்கும். அப்போது விலையைக் குறைத்தால் தன் சீசனைத் தானே கெடுத்துக்கொள்வதாகும். மார்கழியில் கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று ஒன்றன்மேல் ஒன்று நெருக்குவதால் அப்போதும் விலையை இறக்க அவசியமில்லை. பழைய சரக்கை வெளியேற்ற இடமும், புதுச் சரக்கு வருமுன் கொஞ்சம் அவகாசமும் சேர்ந்து கிடைக்கும் மாதம் ஆண்டில் ஆடி ஒன்றே.

சிறிய ஜவுளிக்கடையின் ஆண்டு தீபாவளியில் தொடங்கித் தீபாவளியில் முடிகிறது. நம் சமவெளியில் துணிக்குக் குளிர்காலம், கோடைகாலம் என்ற பெரிய பிரிவு கிடையாது. ஸ்வெட்டரும் கம்பளியும் மலையூர்களைத் தாண்டி அதிகம் போவதில்லை. இங்கே சீசன் என்றால் பண்டிகை, முகூர்த்தம், பள்ளித் திறப்பு. ஐப்பசிக்கு முன் எடுத்த சரக்கில் ஒரு பகுதி தீபாவளி விடிந்தபின்னும் அலமாரியில் நிற்கும். கடைசி இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால் நிற்பது இன்னும் கூடும். 2015-இல் நவம்பர் 10 தீபாவளி. அதற்கு முந்தைய நாள்தான் புதுச்சேரி அருகே தாழ்வு மண்டலம் கரை கடந்து கடலூர் மாவட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு சிறு கடைக்காரரின் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு அறிவு தேவையில்லை. நின்ற சரக்கில் கொஞ்சம் பொங்கலுக்குப் போகும். தையிலிருந்து வைகாசி வரை வரும் முகூர்த்தங்களில் இன்னும் கொஞ்சம் கழியும். ஜூனில் பள்ளிச் சீருடைக்குக் கூட்டம் வரும். அந்தக் கூட்டம் புடவைப் பக்கம் திரும்பாது. இத்தனையும் தாண்டி ஆனிக் கடைசியில் மடிப்புக் கலையாமல் இருக்கும் துணி, இனிமேல் முழு விலைக்குப் போகாது என்று கடைக்காரருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு சேலையை 400 ரூபாய்க்கு எடுத்து 500 ரூபாய் விலை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடி பிறக்கும்போது அது அவர் கையில் இருக்கிறது. அதை அப்படியே வைத்திருந்து தீபாவளிக்கு 500-க்கு விற்றால் கையில் 500. ஆடியிலேயே 20 சதவீதம் தள்ளி 400-க்கு விற்று, அந்தப் பணத்தில் புதுச் சேலை எடுத்துத் தீபாவளிக்கு 500-க்கு விற்றாலும் கையில் அதே 500. இரண்டு வழியிலும் வட்டி ஒன்றுதான், முடிவில் கிடைக்கும் தொகையும் ஒன்றுதான். அப்படியானால் தள்ளுபடி எதற்கு? பழைய சேலை அடுத்த தீபாவளிக்கும் 500-க்குப் போகும் என்ற நிச்சயம் இருந்தால் தள்ளுபடிக்கு அர்த்தமே இல்லை. அந்த நிச்சயம் இல்லாத துணிக்குத்தான் தள்ளுபடி. வெள்ளை வேட்டி, துண்டு, உள்பாவாடைத் துணி, அரக்குச் சிவப்பில் ஒரு கூறைப்புடவை இவை ஓராண்டு மடிந்து கிடந்தாலும் விலை இழப்பதில்லை. நேற்று வந்த டிசைன் இழக்கும். ஆகவே ஆடித் தள்ளுபடி வேர்பிடிக்க வேண்டுமானால், துணி வயதாகி மதிப்பிழக்கும் பண்டமாக முதலில் மாற வேண்டும். இந்த மாற்றம் நடந்த காலமே ஆடித் தள்ளுபடி பரவிய காலம். அதைச் சொல்லுமுன், அந்த 400 ரூபாய் ஆடியிலேயே கைக்கு வந்தாக வேண்டிய அவசரத்துக்குப் பழைய காரணம் ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணம் தறியும் மழையும். கைத்தறிக்குப் பாவு தயாரிப்பது வீட்டுக்குள் முடிகிற வேலையாக இருக்கவில்லை. தெரு நீளத்துக்கு நூலை விரித்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வார வாக்கில் இறங்கிவிட்டால் அந்தத் தெருவேலை நின்றுபோகும். குழித்தறியாக இருந்தால் குழியில் நீர் ஊறும். ஆகவே ஐப்பசியில் விற்க வேண்டிய துணி ஆடி, ஆவணி, புரட்டாசியில் தறியிலிருந்து இறங்கியாக வேண்டும். அதற்கான நூல்காசும் கூலி முன்பணமும் ஆடி வாக்கில் நெசவாளர் கைக்குப் போக வேண்டும். அதைக் கொடுக்கும் மொத்த வியாபாரி, கடைக்காரரிடம் தன் பழைய பாக்கியைக் கேட்பார். சோழமண்டலக் கரையில் துணி வியாபாரத்துக்கு இந்த நாள்காட்டி புதிதன்று. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். அன்றைய மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளில் பேல்களை ஏற்றிப் போனார்கள். அக்டோபர் நடுவில் காற்றுத் திரும்பினால் கப்பல் அங்கே நிற்க முடியாது. 1746 அக்டோபரில், மதராஸைப் பிடித்த சில வாரங்களிலேயே, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதைந்தது இதற்குச் சாட்சி. எனவே துணி நெய்து, வெளுத்து, தரம் பிரித்து, மழைக்கு முன் கரை சேர வேண்டும் என்பதற்காகக் கம்பெனி வியாபாரிகள் மாதக்கணக்கில் முன்னதாகவே நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தார்கள். புதுச்சேரியில் இதே வேலையைப் பிரெஞ்சுக் கம்பெனிக்காகப் பார்த்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கப்பலுக்கான கெடு போய்த் தீபாவளிக்கான கெடு வந்தது. மழை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

கெடு பழையது என்றால் தள்ளுபடியும் பழையதாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இருக்க முடியாது. தள்ளுபடிக்கு இரண்டு முன்தேவைகள் உண்டு: மிஞ்சும் அளவுக்குச் சரக்கு, எல்லோருக்கும் ஒரே விலை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிறு ஊர்களில் இரண்டுமே அரிது. இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பஞ்சம் கடுமையாகி, 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில் துணியில் விலையை முத்திரையாகக் குத்த வேண்டியதாயிற்று. துணிக்கும் பங்கீடு வந்தது. 1948 ஜனவரியில் கட்டுப்பாட்டை நீக்கியதும் விலை எகிறியது, சில மாதங்களிலேயே மீண்டும் கட்டுப்பாடு திரும்பியது. கண்ட்ரோல் துணிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்குத் தள்ளுபடி என்ற எண்ணமே வந்திருக்க முடியாது. கடைக்காரருக்கும் அப்போது கவலை சரக்கு கிடைக்குமா என்பதுதான். மிஞ்சுமா என்பது அல்ல. ஆனால் அந்தக் காலத்தின் ஒரு எச்சம் பின்னால் பெரிதாகப் பயன்பட்டது. துணியின் மீதே விலை அச்சாகியிருப்பதை வாங்குபவர் கண்ணால் பார்க்கப் பழகினார். கடை சொல்லும் விலைக்கும் துணி சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

அதற்கு முன்னும் பின்னும் பல காலம் ஜவுளிக்கடையில் நடந்தது பேரம். பேரம் நடக்கும் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே, யாருக்கும் தெரியாமல் தள்ளுபடி கிடைக்கிறது. நின்ற சரக்கை முதலில் எடுத்து விரித்துப் போடுவதும், அதில் மட்டும் கொஞ்சம் இறங்கி வருவதும் விற்பனையாளரின் கைத்திறம். அது போதாதபோது துணி மூட்டை தூக்கி ஊர் ஊராகப் போகிறவருக்குப் பழைய சரக்கைக் கடனாகக் கட்டிக் கொடுப்பார்கள். அவர் கிராமத்தில் தவணைக்கு விற்று வாரம் ஒருமுறை பணம் தண்டுவார். வாரச் சந்தைக்கும் திருவிழாக் கடைக்கும் ஒரு பங்கு போகும். கட்-பீஸாகக் கிழித்து விற்பது இன்னொரு வழி. இப்படி நின்ற சரக்கு ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கடையின் பின்வாசல் வழியே கரைந்துகொண்டிருந்தது. கறார் விலை என்ற போர்டு கடைகளில் ஏறியபின்தான் இந்தப் பின்வாசல் அடைபட்டது. ஒருவருக்குக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், எல்லோருக்கும் சேர்த்து ஒரே காலத்தில் குறைக்க ஒரு மாதம் தேவைப்பட்டது. ஆடித் தள்ளுபடியின் பிறப்பில் கறார் விலைக்கு உள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

வாங்குபவர் பக்கமும் மாறியிருந்தது. ஆடி விவசாயிக்குப் பணம் செலவாகும் மாதம், வரும் மாதம் அன்று. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி உள்ள நாட்டில் ஆடியில் வீட்டில் இருக்கும் காசு விதைக்கும் உழவுக்கும் போகும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் டெல்டாவில் குறுவை அறுப்பு புரட்டாசி வாக்கில். சம்பா நெல் வீடு வர தை ஆகும். வெறும் விவசாயப் பணத்தை நம்பி எந்த ஜவுளிக்கடையும் ஆடியில் கூட்டம் கூட்டியிருக்க முடியாது. அரசு ஊழியர், ஆசிரியர், வங்கிக்காரர், மில் தொழிலாளர் என்று மாதச் சம்பளம் வாங்கும் கூட்டம் பெருகியபின்தான் அது முடிந்தது. ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவதால் ஒரு சம்பள நாள் சரியாக அதன் வயிற்றுக்குள் விழுகிறது. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3, சம்பளம் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ. தீபாவளியும் அதே காலத்தில் கனத்தது. 1965-இல் வந்த போனஸ் சட்டம் முதலில் 4 சதவீதமும் 1970-களில் 8.33 சதவீதமும் குறைந்தபட்ச போனஸ் என்று வைத்தது. இது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். தமிழ்நாட்டில் அது தீபாவளிக்கு முன் கைக்கு வந்தது, அதில் கணிசமான பங்கு ஜவுளிக்குப் போனது. சீசன் பெருத்தால் கடைக்காரர் எடுக்கும் சரக்கும் பெருக்கும். சரக்கு பெருத்தால் மிச்சமும் பெருக்கும்.

மிச்சத்தை முதுமையாக்கியது செயற்கை இழை. 1985 ஜூனில் மத்திய அரசு அறிவித்த ஜவுளிக் கொள்கை, எந்த இழையையும் ஆலைகள் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டு, பாலியஸ்டர் போன்றவற்றுக்கு வரிச் சலுகையும் காட்டியது. விசைத்தறி பெருகியது, சூரத்திலிருந்து அச்சடித்த சேலைகள் கட்டுக்கட்டாகச் சென்னைக் கோடவுன் தெருவுக்கும் அங்கிருந்து தாலுகா ஊர்க் கடைகளுக்கும் வந்தன. திரைப்படத்தின் பெயரிலும் நடிகையின் பெயரிலும் சேலை கேட்கும் பழக்கம் இதோடு வளர்ந்தது. படம் ஓடும்வரை அந்தச் சேலை ஓடும்; அடுத்த படம் வந்தால் அது பழைய சரக்கு. மேலே போட்ட கணக்கில் தேவைப்பட்ட ஒரே நிபந்தனை, துணிக்கு வயதாவது, இங்கே நிறைவேறிவிட்டது. விலை ஒன்று, சம்பளக்காரர் கூட்டம் உண்டு, மிச்சம் உண்டு, மிச்சம் கெட்டுப்போகும், தீபாவளிக்கு முதல் வேண்டும். இத்தனையும் சேர்ந்த பிறகு ஆடியில் விலையைக் குறைக்காத கடை நஷ்டப்படும் கடையாகிறது.

ஆடித் தள்ளுபடி வெளிநாட்டு வழக்கத்தின் நகல் என்று சொல்பவர்கள் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வனமேக்கர் 1878 ஜனவரியில் படுக்கை விரிப்புகளைக் குறைந்த விலைக்கு விற்றதையும், சென்னை மவுண்ட் ரோட்டில் வொயிட்டவே லெய்ட்லா, ஸ்பென்சர் போன்ற ஆங்கிலேயர் கடைகள் இருந்ததையும் அவர்கள் சுட்டலாம். பேனர் கட்டுவது, சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடுவது போன்றவற்றில் அந்தச் சாயல் இருக்கலாம். ஆனால் வனமேக்கர் ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் கிறிஸ்துமஸ் முடிந்த மந்தம். அதையே நாம் நகல் எடுத்திருந்தால் நம் தள்ளுபடி தீபாவளி முடிந்த கையோடு கார்த்திகையில் வந்திருக்க வேண்டும். எட்டு ஒன்பது மாதம் காத்திருந்து ஆடியில் வந்திருக்காது. வடிவத்தைக் கடன் வாங்கியிருக்கலாம், காலத்தை வாங்கவில்லை.

அண்டை மாநிலங்கள் இந்த வாதத்துக்கு இன்னும் நல்ல சோதனை. தெலுங்கு, கன்னட நாடுகளில் கல்யாணத்துக்கு விலக்கான ஆஷாட மாதத்தில் ஜவுளிக்கடைகள் விலை குறைக்கின்றன. அவர்களுடையது சந்திர மாதம், நம்முடையது சூரிய மாதம். இரண்டும் எப்போதும் ஒட்டி வருவதில்லை. 2023-இல் ஆஷாட அமாவாசை ஜூலை 17-இல் வந்தது, அன்றுதான் தமிழ்நாட்டில் ஆடி பிறந்தது. ஹைதராபாத்தில் ஆஷாடம் முடிந்த நாளில் சென்னையில் ஆடி தொடங்கியது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, நம்பிக்கைதான் எல்லாம், சரக்கு அல்ல என்று ஒருவர் வாதிட்டால் அது வலுவான மறுப்பு. தேதியை நம்பிக்கைதான் வைக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஷாடத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்: வரலட்சுமி விரதமும் முகூர்த்தங்களும் நிறைந்த சிராவணம். ஆடியோடு ஏறக்குறைய ஒன்றி வரும் கேரளத்தின் கர்க்கடகத்துக்கு அடுத்து ஓணம் வரும் சிங்க மாதம். மூன்று இடத்திலும் பெரிய சீசனுக்கு முன்வாசலில் இருக்கும் விலக்கு மாதம்தான் விலை இறங்கும் மாதமாயிற்று. தெலுங்கு நாட்டில் தையையொட்டி வரும் புஷ்ய மாதத்திலும் கல்யாணம் இல்லை. அங்கே சங்கராந்தி வந்துவிடுவதால் அதற்கு ஆஷாடத்தின் கதி நேரவில்லை. நம்பிக்கை பல மாதங்களை முன்வைக்கிறது. அவற்றில் ஒன்றைச் சரக்கு தேர்ந்தெடுக்கிறது.

சீசன் உச்சியிலேயே தள்ளுபடி கிடைப்பதும் உண்டே என்று இன்னொரு கேள்வி வரும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி தருகிறது. கதர்க் கடைகளில் காந்தி ஜெயந்தியையொட்டி விலை குறைகிறது. இரண்டும் கடை தன் மிச்சத்தைக் கழிக்கச் செய்வன அல்ல. 1953-இல் மில் துணிமீது தனித் தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் கதருக்கும் கைத்தறிக்கும் உதவும் சட்டம் வந்தது. அந்த வழியில் வளர்ந்த கைத்தறித் தள்ளுபடியின் சுமையைப் பொதுப்பணம் தாங்கியது. நோக்கம் நெசவாளர் துணியை விற்றுக் கொடுப்பது, ஆகவே கூட்டம் வரும் காலத்தில்தான் அது தேவை. இணையத்தில் ஃபிளிப்கார்ட் தன் முதல் பெருந்தள்ளுபடியை 2014 அக்டோபர் 6 அன்று, அதாவது புரட்டாசியில், தீபாவளிக்குப் பதினாறு நாள் முன்னால் நடத்தியதும் இப்படித்தான்; அது முதலீட்டாளர் பணத்தைக் கொண்டு ஆள் சேர்த்த வேலை. தள்ளுபடிச் செலவை யார் ஏற்கிறார் என்று கேட்டால் மாதம் தானாகத் தெரிந்துவிடும். தன் கைப்பணத்தில் ஏற்கும் சிறு கடைக்காரருக்கு ஆடியை விட்டால் வேறு காலம் இல்லை. அந்தக் காலத்தையும் பஞ்சாங்கம் அல்ல, சரக்கே தீர்மானிக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, விதிவிலக்காக அமைந்த 2017. ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வருகிறது என்றதும், பழைய வரியில் வாங்கிய சரக்கு புது வரிக்குள் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் நாடெங்கும் கடைகள் ஜூனிலேயே விலையைக் குறைத்தன. ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. பஞ்சாங்கத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடுமையான குற்றச்சாட்டு, இது ஏமாற்று என்பது. விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைக்கிறார்கள், ஆடிக்கென்றே மட்டச் சரக்கை வரவழைக்கிறார்கள் என்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. 1984-இல் ஏகபோகத் தடுப்புக்கான எம்.ஆர்.டி.பி. சட்டத்தைத் திருத்தியபோதே பொய்யான சலுகை விலையை முறையற்ற வணிகமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதை எடுத்துக்கொண்டது. நோய் இல்லாமல் மருந்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு முதன்மையாக ஒட்டுவது பல மாடிக் கடைகளுக்கு. தி.நகர் போன்ற இடங்களில் ஆடி இரண்டாம் தீபாவளியாகிவிட்டது. அங்கே ஆடிக்காகவே மாதங்களுக்கு முன் ஆர்டர் கொடுத்து நெய்து வரும் சரக்கு, கழிக்க வேண்டிய மிச்சமே அல்ல. நாளிதழில் முழுப்பக்க விளம்பரத்தோடு வரும் புதுச் சரக்கு. அடக்க விலையே குறைவாக இருப்பதால் பாதி விலை என்று போட்டாலும் லாபம் உண்டு. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர், திருவாரூரிலோ அருப்புக்கோட்டையிலோ இருக்கும் கடைக்காரரிடம் உங்களுக்கு மட்டும் ஏன் 20 சதவீதம் என்று கேட்கிறார். அந்த 20-க்கு மேல் தள்ளினால் அவர் முதலிலேயே கைவைக்க வேண்டும். மிச்சத்தைக் கழிக்கச் சிறியவர்களுக்கு இருந்த ஒரே மாதத்தைப் பெரியவர்கள் தங்கள் சீசனாக்கிக்கொண்டதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. ஏமாற்றைக் கண்டிக்கிறவர்கள் வாங்குபவரின் நஷ்டத்தைச் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்க் கடையின் நஷ்டத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்படி நெருக்கப்பட்ட சிறு கடைகள் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சரக்கு எடுக்கும் வழக்கத்தையே கைவிட்டு வருகின்றன. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை வாரந்தோறும் கூடுகிறது. தமிழ்நாட்டு ஊர்களோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் சிறு வியாபாரிகள் வருகிறார்கள். அங்கே பத்து லுங்கி, இருபது சேலை, ஐந்து டஜன் துண்டு என்று அந்த வாரத்துக்கு ஓடக்கூடியதை மட்டும் எடுத்து, விற்ற காசில் அடுத்த வாரம் போகலாம். பாக்கியும் சிறியது, தேக்கமும் சிறியது. தீபாவளிக்குக்கூட இரண்டு மூன்று நடையாகப் பிரித்து எடுத்தால் கடைசி இரண்டு நாள் மழையில் மாட்டும் தொகை குறையும். இதற்கு ஒரு விலையும் உண்டு: மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் கழிவு கிடைக்காது, நல்ல டிசைன்கள் பெரிய கடைக்குப் போய்விடும், வாரம் ஒரு நாள் பயணத்திலேயே கழியும். ஆனாலும் ஆனிக் கடைசியில் இப்படிப்பட்ட கடையின் அலமாரியைப் பார்த்தால் கழிக்க வேண்டிய சரக்கு அதிகம் இருக்காது. அவரும் ஆடி முதல் தேதி வாசலில் பேனர் கட்டுகிறார். எதிர்க்கடை கட்டியிருக்கிறது என்பதற்காகவும், இல்லையென்றால் வாடிக்கையாளர் பஸ் ஏறிவிடுவார் என்பதற்காகவும். தள்ளிக் கொடுக்க அவரிடம் இருப்பது போன வாரம் எடுத்து வந்த சரக்கு.